மஞ்சள் சீட்டுக் கூண்டுகள்

அவளுக்கு எலிராணி என்று பேர் வைத்தது அவளுடைய நாத்தனார்தான். கணவனுக்கு அக்கா என்பதால் இவள் அவரை அண்ணி என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். பதிலுக்கு அவர் கொடுத்த மரியாதை இது. சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "எலிராணி வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். எழுந்து நிற்க அந்த வீட்டில் அண்ணியைத் தவிர ஆள் கிடையாது. கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அண்ணிக்கோ ஒன்பது வருஷமாக மூட்டு வீக்கம், நினைத்தவுடன் எழுந்து நிற்க முடியாது. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் பேசியே சம்பளம் வாங்கியவர். விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகும் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

பேர் கேலியாக வைத்தது என்றாலும் பொய் இல்லை. ஒரு மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் பின்புறம், அனிமல் ஹவுஸ் என்று எல்லோரும் சொல்லும் நீளக் கட்டடத்தில், இருபத்திரண்டு வருஷமாக எலிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் முதலில் செருப்பை மாற்ற வேண்டும், பிறகு கோட்டு, பிறகு தலைக்குத் துணித்தொப்பி. இரண்டாவது கதவைத் திறந்தால் மரத்தூளும் பினாயிலும் கலந்த வாடை. வெளியாட்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்; அவளுக்கு அது வீட்டுக்குப் போன பிறகும் தலைமுடியில் இருக்கும். தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துக் குழாய் முனையில் இருக்கும் குண்டைச் சுண்டிப் பார்ப்பாள். சொட்டு வந்தால் சரி. தீவன உருண்டைகளை நிறுத்துப் போடுவாள். நேற்றுப் போட்டதில் மிச்சம் எவ்வளவு என்பதை வைத்தே எந்தக் கூண்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள்.

எல்லாவற்றையும்விட, அவள் கை அளவெடுப்பதில் பேர் போனது. வீக்கத்துக்கு மருந்து தேடுகிற இடத்தில் எலியின் பாதம் எவ்வளவு தடித்திருக்கிறது என்பதுதான் பேச்சு. எலியைத் துண்டில் சுற்றி, பின்னங்காலை மட்டும் வெளியே எடுத்து, வெர்னியர் காலிப்பர் என்ற அளவுக் கருவியின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து, அழுத்தாமலும் தொளதொளவென்று விடாமலும் எண்ணைப் படிக்க வேண்டும். பெரிய படிப்புப் படித்தவர்கள் அளந்தால் மூன்று தடவைக்கு மூன்று எண் வரும். எலிராணி அளந்தால் மூன்று தடவையும் ஒரே எண். "அக்கா சொன்னா அப்படியே அச்சுல ஏத்தலாம்" என்பார் டாக்டரம்மா. அதைக் கேட்கும்போது அவளுக்குத் தான் ஓர் அங்குலம் உயர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். இந்தப் பெருமையை இங்கேயே சொல்லி வைக்கக் காரணம், பின்னால் அவள் வாயைக் கட்டிப்போட்டதும் இதுதான்.

டாக்டரம்மா என்றால் நோயாளிக்குச் சீட்டு எழுதுகிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். நாற்பது வயதிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்து அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகிற ரகம். மூன்று வருஷமாக அவர் மனசில் ஒரே ஒரு மாத்திரைதான் இருந்தது. அதுவும் புது மாத்திரை இல்லை. உடம்பில் அரிப்பும் தடிப்பும் வந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லி ஐம்பது வருஷமாகக் கடையில் விற்கிற பழைய சரக்கு. அது மூட்டு வீக்கத்துக்கும் கேட்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

"புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சு அது கடைக்கு வரதுக்குள்ள பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடிடும் அக்கா" என்று ஒருநாள் கூண்டுகளுக்கு நடுவே நின்று சொன்னார். "இது ஏற்கெனவே லட்சக்கணக்கான பேர் முழுங்கின மாத்திரை. தூக்கம் வரும், வாய் உலரும், பெரிசா வேற தொந்தரவு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. வீக்கத்துக்கும் கேக்குதுன்னு காட்டிட்டா, வலியில இருக்கிறவங்ககிட்ட சீக்கிரம் போய்ச் சேரும்."

"அப்ப வாசல்ல காவலுக்கு வச்ச ஆளைச் சமையலுக்கு வச்சுப் பார்க்கிறோம்ங்கிறீங்க."

"அதேதான். நல்லாச் சமைச்சா நமக்கென்ன?"

நாற்பது எலிகள். பத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. அந்தக் கூண்டுகளில் வெள்ளைச் சீட்டு. மீதி முப்பதுக்கும் பின்னங்காலில் ஊசி போட்டு வீக்கம் வரவழைக்க வேண்டும். அந்த முப்பதில் பதினைந்துக்குத் தினமும் மருந்து கலந்த பாகு, பதினைந்துக்கு வெறும் பாகு. ஒன்றுக்கு மஞ்சள் சீட்டு, ஒன்றுக்கு நீலச் சீட்டு. எது மருந்து, எது வெறும் பாகு என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. பாகைக் கலந்து கொடுத்தவர் நிலையத்தின் தலைவர். பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் அதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தன் பீரோவில் பூட்டி வைத்துவிட்டார். தெரிந்துவிட்டால் அளக்கிற கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும் என்பதால் இப்படி ஓர் ஏற்பாடு. நாலு வாரம் இப்படியே போக வேண்டும். அதுவரை எந்த எலிக்கும் வலி மாத்திரை கூடாது, எடை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த எலியை எடுத்துவிட வேண்டும் என்று விலங்குகளுக்காக இருக்கும் குழு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது.

இரண்டாம் வாரக் கடைசியில் மஞ்சள் சீட்டுக் கூண்டுகளில் பாதம் ஒன்பது மில்லிமீட்டரைத் தாண்டியது. நீலம் ஏழரைக்கு மேல் ஏறவில்லை. டாக்டரம்மா எண்களைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏதோ நடக்குது அக்கா. இப்பவே ஆடக் கூடாது. ஆனா ஏதோ நடக்குது."

எலிராணிக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீலத்தில் ஏதோ நடப்பதை டாக்டரம்மா தாளில் பார்த்தார். மஞ்சளில் நடப்பதை இவள் கூண்டில் பார்த்தாள். தீவனம் கூண்டின் கம்பி மூடியில் இருக்கும். எலி பின்னங்காலில் எழுந்து நின்றுதான் அதைக் கடித்துத் தின்ன வேண்டும். மூன்றாவது மஞ்சள் கூண்டில் காது கிழிந்த ஒரு எலி எழும், பாதம் தரையில் பட்டதும் சரியும், மறுபடி எழும், மறுபடி சரியும். தீவனத்தை ஊறவைத்துத் தரையில் வைக்க அனுமதி உண்டு, வைத்தாள். தின்றது. தின்றுவிட்டு ஒரு மூலையில் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மயிர் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. எடை மட்டும் அந்த அளவுக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு கிராம், இரண்டு கிராம் மேலேயே நின்று அவளைச் சோதித்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி எத்தனையோ பார்த்தவள்தான். மனசு மரத்துப்போகாவிட்டால் அங்கே குப்பை கொட்ட முடியாது. இந்தத் தடவை மட்டும் ஏன் முடியவில்லை என்றால், அந்த எலி உட்கார்ந்த மாதிரியேதான் அண்ணி காலை நேரத்தில் உட்கார்ந்திருப்பார். முதல் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகும்வரை டம்ளரை விரலால் பிடிக்க வராது. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடிப்பார். அந்த நேரத்தில் மட்டும் கேலி பேச மாட்டார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் முதலில் திரும்பி வருவது வாய்தான்.

அப்போதுதான் அவள் அந்தத் தப்புக் கணக்கைப் போட்டாள். அண்ணியின் மாத்திரை வலியைக் குறைப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். ஆனால் அண்ணியின் விரல் முட்டிகள் ஒன்பது வருஷமாகத் தடித்தது தடித்தபடியேதான் இருக்கின்றன. ஒரு நூல்கூட இறங்கியதில்லை. ஆக, வலி மாத்திரை வலியை எடுக்கும், வீக்கத்தைத் தொடாது. எலிக்குக் கொடுத்தால் அது வலியில்லாமல் இருக்கும்; பாதத்தின் அளவு மாறாது; டாக்டரம்மாவின் கணக்குக்கு எந்தக் குந்தகமும் இல்லை. அண்ணியின் மூட்டு வருஷக்கணக்கில் கோணிப் போன மூட்டு, எலியின் பாதம் இரண்டு வாரத்து வீக்கம், புது வீக்கம் அந்த மாத்திரைக்கு இறங்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் கூடாது என்பார்கள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

அண்ணியின் மாத்திரை டப்பாவில் மாதத்துக்கு மூன்று அட்டை இருக்கும். கொஞ்சம் கடுமையான மாத்திரை. ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்க மாட்டார்கள். அண்ணி குளிக்கப் போன நேரத்தில் எலிராணி ஓர் அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மீதியை நேராக அடுக்கி வைத்து டப்பாவை மூடினாள். அது பின்னால்தான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அனிமல் ஹவுஸில் பாட்டில் கழுவுகிற அறையில் ஒரு மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கி, ஐந்து பங்காக்கி, மும்மூன்று எலிகள் இருந்த ஐந்து மஞ்சள் கூண்டுகளின் தண்ணீரிலும் கலந்தாள். தினமும் ஒரு மாத்திரை, பத்து நாள். மூன்றாம் நாள் காது கிழிந்தது எழுந்து நின்று மூடியில் இருந்த தீவனத்தை எட்டிக் கடித்தது. அதைப் பார்த்து அவள் யாரும் இல்லாத அறையில் சிரித்தாள்.

அளக்கும்போது சிரிப்பு போய்விட்டது. ஒன்பது புள்ளி ஒன்று என்றிருந்தது எட்டு புள்ளி ஆறு ஆனது. பிறகு எட்டு. பிறகு ஏழு புள்ளி ஏழு. அவள் எண்ணை மாற்றிச் சொல்லவில்லை. என்ன காட்டியதோ அதை அப்படியே படித்தாள். டாக்டரம்மா அப்படியே எழுதினார். வீக்கம் தானாக வடிகிற காலம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தானாக வடிகிறது என்றால் நீலத்தில் ஏன் வடியவில்லை என்று கேட்க உள்ளே ஒரு வாய் இருந்தது. அதை அவள் திறக்கவிடவில்லை.

நாலாம் வாரக் கடைசியில் பெரியவரின் அறையில் உறையைப் பிரித்தார்கள். அளந்தவள் என்ற முறையில் எலிராணியையும் கூப்பிட்டிருந்தார்கள். நீலம்தான் மருந்து. மஞ்சள் வெறும் பாகு. டாக்டரம்மா கடைசி எண்களைக் கூட்டி வகுத்தார். மஞ்சள் ஏழு புள்ளி இரண்டு. நீலம் ஏழு புள்ளி ஒன்று.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் டாக்டரம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நடுவுல ரெண்டு வாரம் ஏதோ தெரிஞ்சுது. அப்புறம் கரைஞ்சுபோச்சு. மருந்து கொடுத்தாலும் கொடுக்காட்டியும் ஒரே இடத்துலதான் வந்து நிக்குது."

பெரியவர், "அளவுல எங்கயாவது..." என்று இழுத்தார்.

"இல்ல சார். அக்கா அளந்தது" என்றார் டாக்டரம்மா.

அந்த வார்த்தை எலிராணியின் தலையில் இடி மாதிரி இறங்கியது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அக்கா அளந்தது என்ற சொல்லுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டிருந்தது, அதை எப்படி இடிப்பது? அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாரமே, மூட்டுகளை வெட்டிப் பார்ப்பதற்காக, விதிப்படி நாற்பது எலிகளையும் மயக்கம் கொடுத்து முடித்துவிட்டார்கள். காது கிழிந்ததும் அதில் ஒன்று. அவள் அதற்கு வாங்கிக் கொடுத்தது பத்து நாள்தான்.

வீட்டிலோ அதற்கடுத்த வாரம்தான் டப்பாவில் அட்டை இல்லாதது அண்ணிக்குத் தெரிந்தது.

"மூணு அட்டைன்னு சொல்லி ரெண்டைத் தலையில கட்டிட்டான் பாரு அந்தக் கடைக்காரன்!" என்று அண்ணி ஆட்டோ பிடித்துப் போய், மருந்துக்கடை வாசலில் நின்று, நாலு பேர் வேடிக்கை பார்க்க அந்த மனிதனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். எலிராணி பக்கத்தில்தான் நின்றாள். கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. "நான் எண்ணித்தாம்மா கொடுத்தேன். நீங்க வேற எங்கயாவது வச்சிருப்பீங்க" என்றார். "எனக்கு விரல்தான் போச்சு, புத்தி போகல" என்றார் அண்ணி. கடைக்காரர் எலிராணியைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினார். அவள், "விடுங்க அண்ணி, போகலாம்" என்று மட்டும் சொன்னாள். சீட்டில் எழுதிய மாத்திரை கணக்குப்படி கொடுத்தாகிவிட்டது. புதுச் சீட்டு வேண்டும். ஆஸ்பத்திரியில் அண்ணியின் முறை வர இன்னும் பத்து நாள் இருந்தது. எலிராணி வேறு நாலு கடைகளில் கேட்டுப் பார்த்தாள். சீட்டு இல்லாமல் யாரும் தரவில்லை.

அந்தப் பத்து நாளும் அவள்தான் அண்ணிக்குத் தலைவாரிப் பின்னினாள், ஜாக்கெட் ஊக்கு மாட்டினாள், சாப்பாட்டைப் பிசைந்து கரண்டி போட்டுக் கொடுத்தாள். வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். எலிராணி வந்தாச்சு என்ற குரல் ஒருநாளும் வரவில்லை. ஏழாம் நாள் பல் தேய்க்க முடியாமல் அண்ணி வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இவள் பிரஷ்ஷை வாங்கித் தேய்த்துவிட்டாள். வாயைக் கொப்பளித்துவிட்டு அண்ணி சொன்னார்:

"கூடப் பிறந்தவன் லாரியில ஊர் சுத்துறான். நீ யாரு பெத்த பொண்ணோ, எனக்குப் பல் தேய்ச்சு விடற. நீ மட்டும் இல்லாட்டி நான் நாறிப் போயிருப்பேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவள் துண்டை எடுத்து வருகிற சாக்கில் பின்பக்கம் போய் நின்றாள். தான் ஒரு திருடி என்று அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு முழுசாகத் தோன்றியது. எலிக்காகத்தானே என்று இதுவரை ஒரு சமாதானம் இருந்தது. அதுவும் அன்றோடு போயிற்று.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரி டாக்டர் வேறொரு குண்டைப் போட்டார். இத்தனை வருஷம் அந்த வலி மாத்திரையைச் சாப்பிட்டு அண்ணியின் வயிறு புண்ணாகிவிட்டதாம். இனி தினமும் கூடாது, வாரத்துக்கு இரண்டு போதும் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி சீட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏண்டி, உங்க ஆபீஸ்ல ஏதோ பழைய அரிப்பு மாத்திரையை வச்சு வீக்கத்துக்குப் பார்க்கிறாங்கன்னு சொன்னியே. அது என்னாச்சு?"

"அது... சரிப்பட்டு வரல அண்ணி."

"வேலை செய்யலையா?"

"செய்யல."

"எனக்குன்னு எது வாச்சுது போ" என்று சொல்லிவிட்டு அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதன் பிறகு எலிராணிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மாத்திரை வேலை செய்யுமா செய்யாதா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் மட்டும் ஒரே ஒருத்திக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று கிளம்பும்போதெல்லாம் இன்னொரு கணக்கு குறுக்கே வந்தது. சொன்னால் என்ன ஆகும்? மறுபடியும் முதலிலிருந்து செய்வார்கள். மறுபடியும் நாற்பது. அதில் முப்பதுக்குப் பாதத்தில் ஊசி. பதினைந்து எலிகளின் வலியைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் செய்த காரியத்துக்கு இன்னும் முப்பது எலிகள் வலிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்த முப்பதும் தப்பிக்கும். இந்த நியாயம் அவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததாலேயே அதன்மேல் அவளுக்கு அருவருப்பும் வந்தது. இப்படியே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

ஒருநாள் முற்பகல், எடை பார்க்கிற அறையில் அவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார்.

"அந்த மாத்திரை விஷயத்தை எழுதி முடிச்சுட்டேன் அக்கா. நாளைக்கு அனுப்பறேன்."

"அதான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே. அதை எதுக்கு அனுப்பணும்?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்குத்தான். வேற நாட்டுல யாராவது இதையே யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க. நம்ம மாதிரி மூணு வருஷத்தை வீணாக்க வேண்டாம், இதுல எதுவும் கிடைக்காதுன்னு தெரியட்டும்."

எலிராணி துணியைக் கீழே வைத்தாள். இது அச்சில் ஏறிவிட்டால் பிறகு எந்த ஊரிலும் எவரும் அந்த மாத்திரையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மருந்தைக் கொன்றுவிட்டு, அதற்கு ஆள் வைத்துக் காவலும் போட்டதாகிவிடும்.

"அனுப்பாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"நான் மஞ்சள் கூண்டுக்கெல்லாம் வலி மாத்திரை போட்டேன். தண்ணியில. கடைசிப் பத்து நாள்."

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு அவர் முகத்தில் எதுவுமே இல்லாமல் போனது. நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "என்ன மாத்திரை? எத்தனை மில்லிகிராம்? ஒரு கூண்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். எலிராணி ஒன்றுவிடாமல் சொன்னாள். அட்டையின் பேர், ஐந்து பங்கு, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் முடிந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் பேனாவை மூடினார்.

"மூணு வருஷம்" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல? பார்க்க முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் குழுவுக்கு எழுதியிருப்பேன். எல்லாக் கூண்டுக்கும், முப்பதுக்கும், ஒரே அளவு கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யறது உண்டு. அதுங்களுக்கும் வலி குறைஞ்சிருக்கும், மருந்துக்கும் வெறும் பாகுக்கும் உள்ள வித்தியாசமும் தெரிஞ்சிருக்கும். கேட்டிருந்தாப் போதும். கேட்டிருக்க வேண்டியதுதானே!"

இத்தனை நாளும் எலிராணி தன் முன்னால் இரண்டே வழி இருந்ததாக நினைத்திருந்தாள்: எலிக்கு இரங்குவது, இல்லாவிட்டால் டாக்டரம்மாவுக்கு உண்மையாக இருப்பது. இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒரு வழி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. கேட்டால் இல்லை என்பார்கள் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அங்கே எதையும் கேட்டதே இல்லை. சொன்னதைச் செய்கிறவள் என்ற பேரில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

"நீங்க போங்க" என்றார் டாக்டரம்மா. அக்கா என்று சொல்லவில்லை.

பெரியவர் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. தானாக வந்து சொன்னதற்காக என்றார். காலிப்பரை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். இனி கூண்டு கழுவலாம், தண்ணீர் வைக்கலாம், எலியைப் பிடிக்கலாம். அளக்கக் கூடாது. அளக்க வேறு பிரிவிலிருந்து ஓர் ஆள் வருவார். குழு புதிதாக நாற்பது எலிகளுக்கு அனுமதி கொடுத்தது. இந்த முறை வீக்கம் ஏறியதும் முப்பதுக்கும் ஒரே அளவில் வலிக்கு மருந்து உண்டு.

அன்று சாயங்காலமே அண்ணியிடமும் சொன்னாள். நின்றுகொண்டுதான் சொன்னாள், உட்காரத் தைரியம் வரவில்லை. அட்டையை எடுத்தது, எலிக்குக் கொடுத்தது, மருந்துக்கடையில் வாயை மூடிக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எலிக்குக் குறைஞ்சுதா?" என்று கடைசியில் கேட்டார்.

"குறைஞ்சுது அண்ணி."

"அதுக்கு வலிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாலே தெரியும்."

"நானும் உன் முன்னாலதானே உட்கார்ந்திருந்தேன்" என்றார் அண்ணி. "பத்து நாள்."

எலிராணி அழுதாள். அண்ணி அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் இவள் சீப்பை எடுத்துக்கொண்டு போனபோது, "வச்சுட்டுப் போ" என்றார். வேலைக்குக் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அண்ணி சீப்பை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்து, தலையைக் குனிந்து, முடியைச் சீப்பின் பக்கம் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்கும் போய்வந்தார், தனியாக. என்ன பேசினார் என்று இவளிடம் சொல்லவில்லை.

புது எலிகள் வந்தன. ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் அவற்றை மனிதக் கைக்குப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிக்கும்போது பயந்து துள்ளும், பயமே உடம்பைக் கெடுக்கும். அந்த வேலை எலிராணியுடையது, அதை யாரும் அவளிடமிருந்து எடுக்கவில்லை. முதல் நாள் கூண்டுக்குள் கையை வெறுமனே வைத்தாள். எல்லாம் மூலைக்கு ஓடின. இரண்டாம் நாள் ஒன்று வந்து விரலை மோந்து பார்த்தது. நாலாம் நாள் முதுகைத் தடவவிட்டன. ஏழாம் நாள் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டதும் முன்னால் வந்து நின்றன.

எட்டாம் நாள் டாக்டரம்மா ஊசிகளைத் தட்டில் வரிசையாக வைத்தார்.

"பிடிக்கிறதுக்கு வேற ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"வேண்டாம். என்னால வந்ததுதானே. நானே பிடிக்கிறேன்."

முதல் கூண்டின் மூடியைத் தூக்கினாள். பிடிப்பதற்கு விரல்களை வளைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எலி தானாக வந்து அவள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.